பாலம் ஓடியது உண்மைதான்

அன்புள்ள கலா,

ஆறு மாதமாக ஏன் எழுதவில்லை என்று திட்டாதே. அதைவிடப் பெரிய பாக்கி ஒன்று இருக்கிறது, முப்பது வருஷத்து மன்னிப்பு.

போன வாரம் விழுப்புரத்தில் வண்டி நின்றது. அவர் வடை வாங்க இறங்கினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எங்கள் வண்டி கிளம்பிவிட்டது! "ஐயோ, அவர் இன்னும் ஏறலையே" என்று கத்திக்கொண்டே எழுந்து சங்கிலியில் கை வைத்துவிட்டேன். எதிர் சீட்டுப் பெரியவர்தான், "போறது பக்கத்து வண்டிம்மா" என்றார். திரும்பினால் பிளாட்பாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதில் அவர், கையில் வடைப் பொட்டலத்தோடு முழித்துக்கொண்டு நிற்கிறார். வீடு வரும்வரை ஒரே கேலி.

உடனே உன் ஞாபகம் வந்தது. ஆடிப்பெருக்கன்று காவிரிப் பாலத்தில் "பாலம் ஓடுதுடி" என்று அலறினாயே. கல்லூரி முடியும்வரை உன்னை விட்டோமா? ஒலி வேகத்துக்கு மாக் எண் என்கிறார்களே, அந்த எர்ன்ஸ்ட் மாக் 1875-லேயே அசைவுணர்வு பற்றித் தனிப் புத்தகம் போட்டவர். அவரும் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறார். தண்ணீரையே உற்றுப் பார்த்தால் ஒரு கட்டத்தில் தண்ணீர் நின்றுவிடுமாம், பாலமும் நாமும் எதிர்த் திசையில் கிளம்பிவிடுவோமாம்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு வேகம் மாறுவதுதான் தெரியும். சீராகப் போனால் ஓடுவதும் நிற்பதும் அதற்கு ஒன்றுதான். அதனால் கண்ணெதிரே எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தால், உலகமா நகரும், நாம்தான் நகர்கிறோம் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. ஓரக்கண் வேறு அதற்குப் பின்பாட்டுப் பாடுகிறது.

எடின்பரோவில் லீ, ஆரன்சன் என்று இரண்டு பேர், தரை அசையாமல் சுவர் மட்டும் நகரும் அறையில், புதிதாக நிற்கப் பழகிய குழந்தைகளை நிறுத்திப் பார்த்தார்களாம். 1974-ல் வந்த ஆய்வு. சுவர் நகர்ந்ததும் பிள்ளைகள் தள்ளாடின, சில விழுந்தே விட்டன.

இதைப் படித்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது, கலா. அம்மாவுக்குக் காதில் அந்த உறுப்பு தளர்ந்துவிட்டதென்று டாக்டர் சொன்னார். இப்போது கண்ணை நம்பித்தான் நிற்கிறாள். பஸ் ஒன்று பக்கத்தில் போனாலே கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறாள். ராத்திரி விளக்கை அணைத்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். "எல்லாம் மனப்பிரமைம்மா" என்று எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன் தெரியுமா? உன்னை ஓட்டிய அதே வாய்தான்.

கூடத்தில் ராத்திரி விளக்கு ஒன்று போட்டிருக்கிறேன். ஆடிக்கு வருகிறாயா? அம்மா உன்னை விசாரித்தாள். பெயர் மறந்துவிட்டதாம். "அந்தப் பாலத்துப் பொண்ணு" என்றுதான் கேட்டாள்.

உன்,
ராஜி