‘நாங்கள்தான் செய்தோம்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால்

தொலைக்காட்சி, நாளிதழ், இணையச் செய்திப் பிரிவுகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒரு பயங்கரவாதத் தாக்குதல் நடந்த சில மணி நேரத்தில் உங்கள் திரையின் அடியில் ஒரு வரி ஓடும்: இன்ன அமைப்பு பொறுப்பேற்பு. அதோடு ‘யார்’ என்ற கேள்வியை முடித்துக்கொண்டு நீங்கள் விவாதத்துக்குப் போய்விடுகிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு அங்கே முடிவதில்லை. அந்த அமைப்பு இதை எங்கே சொன்னது, சொன்னது அவர்கள்தானா என்று கேட்கிறார்கள். கேட்டவருக்கு தேசத்துரோகி என்றோ, எதிலும் சதியைப் பார்க்கிறவர் என்றோ பட்டம் கிடைக்கிறது. பல நேரம் அது நீங்களே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

2008 நவம்பர் 26 இரவை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் துப்பாக்கிச் சூடு ஓயும் முன்பே ‘டெக்கான் முஜாஹிதீன்’ பொறுப்பேற்பதாக ஊடகங்களுக்கு மின்னஞ்சல் வந்தது. அதுவரை யாரும் கேள்விப்படாத பெயர். டெக்கான் என்றால் தக்காணம்; இது உள்ளூர்க்காரர்கள் வேலை என்று நம்பவைக்க அந்தப் பெயர் ஒன்றே போதும். ஆனால் வந்தவர்களில் ஒருவனான கசாப் உயிரோடு பிடிபட்டான். கடல் வழியாகப் பாகிஸ்தானிலிருந்து வந்த லஷ்கர் ஆட்கள் என்பது வெளியே வந்தது. தாக்குதலுக்காக மும்பையை முன்கூட்டியே வேவு பார்த்த டேவிட் ஹெட்லி 2010இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதும் அதையே உறுதிசெய்தது. செய்தவர்கள் பக்கத்திலிருந்தே வந்தாலும் பொறுப்பேற்பு பொய்யாக இருக்கலாம். 166 பேர் உயிரிழந்த தாக்குதலில் அந்த மின்னஞ்சலுக்கும் ஒரு வேலை இருந்தது: விசாரணையைத் திசைதிருப்புவது. ஒருவேளை கசாப் பிடிபடாமல் போயிருந்தால்?

அதே ஆண்டு ஜூலையில் அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சல் வேறு மாதிரி. இந்தியன் முஜாஹிதீன் பெயரில் வந்த அது, முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே வந்துவிட்டது. முன்கூட்டியே தெரியாத ஒருவரால் அப்படி அனுப்ப முடியாது. அதே மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் கடவுச்சொல் இல்லாத வைஃபை வழியாகப் போயிருந்ததால், சம்பந்தமே இல்லாத அந்த வீட்டுக்காரர் விசாரணையில் மாட்டிக்கொண்டார் என்பதையும் மறக்க வேண்டாம். நேரம் ஒரு நல்ல சாட்சி. இணைய முகவரி அவ்வளவு நல்ல சாட்சி இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

மாட்ரிட் கதை இன்னும் சிக்கலானது. 2004 மார்ச் 11 காலையில் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றே நாளில் தேர்தல். ஸ்பெயின் அரசு உடனே பாஸ்க் பிரிவினை அமைப்பான ஈட்டாவைக் கைகாட்டியது. ஐ.நா. பாதுகாப்புச் சபை அன்றே நிறைவேற்றிய தீர்மானத்திலும் ஈட்டாவின் பெயர் ஏறிவிட்டது. தாங்கள் இல்லை என்று ஈட்டா மறுத்தது. இதற்கிடையே லண்டனிலிருந்து வரும் அல்-குத்ஸ் அல்-அரபி நாளிதழுக்கு ‘அபு ஹஃப்ஸ் அல்-மஸ்ரி படைப்பிரிவுகள்’ என்ற பெயரில் பொறுப்பேற்றுக் கடிதம் வந்தது. இந்தப் பெயரின் பழைய கணக்கு கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒரு பகுதியும் இருளில் மூழ்கியபோது, அதையும் தாங்களே செய்ததாக இவர்கள் அறிவித்திருந்தார்கள். மின்தடை தொடங்கியது ஒஹையோவில் மரக்கிளைகள் மின்கம்பியில் உரசியதில். கட்டுப்பாட்டு அறையின் மென்பொருள் கோளாறு அதைப் பெரிதாக்கியது.

ஆக, அரசு சொன்னது தவறு. பொறுப்பேற்றவர்களோ மரக்கிளை செய்த வேலைக்கும் உரிமை கொண்டாடியவர்கள். ஆனால் கடிதம் காட்டிய திசை சரியாக அமைந்துவிட்டது; செய்தவர்கள் ஜிகாதி குழுவினர்தான். அதை நிலைநாட்டியது கடிதம் அல்ல. அன்று காலையே கண்டெடுக்கப்பட்ட வேனில் இருந்த வெடிப்பான்களும், வெடிக்காத பையில் இருந்த கைப்பேசியும்தான் புலனாய்வாளர்களைச் சரியான வீடுகளுக்குக் கொண்டுபோயின. அரசு மறைக்கிறது என்று ஸ்பெயின் மக்கள் தெருவில் இறங்கியதும் ஆளும் கட்சி தேர்தலில் தோற்றதும் பிறகு நடந்தவை. அந்த மூன்று நாள் சந்தேகத்தை யாராவது கோளாறு என்று சொல்ல முடியுமா?

2017இல் ஐ.எஸ். அமைப்பு பொறுப்பேற்ற இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். ஜூனில் மணிலாவின் சூதாட்ட விடுதி ஒன்றுக்கு ஒருவன் தீ வைத்தான், பலர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவன் சூதாட்டக் கடனில் மூழ்கியவன் என்று காவல்துறை சொன்னது. அக்டோபரில் லாஸ் வேகாஸ் இசை விழாவில் துப்பாக்கிச் சூடு. சுட்டவன் தங்கள் ஆள் என்று அவனுக்கு ஒரு அரபுப் பெயரையும் சூட்டினார்கள். எஃப்.பி.ஐ. அன்றே மறுத்தது. பெயர் வெளிச்சத்தில் இருந்தால் போதும் என்று நினைக்கும் அமைப்புக்கு உங்கள் அடிவரிச் செய்தி இலவச விளம்பரம். போர்க்களத்தில் தோற்றுக்கொண்டிருந்த ஆண்டில் அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

எல்லாப் பொறுப்பேற்பும் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. செய்தவர் கையில் மட்டுமே இருக்கக்கூடிய ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளுக்கு இரண்டு நாள் கழித்து ஐ.எஸ். பொறுப்பேற்றபோது, முகம் மறைத்தவர்கள் நடுவே, தாக்குதல் குழுவின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம் முகம் தெரிய நின்ற படத்தையும் உறுதிமொழி எடுக்கும் காணொளியையும் வெளியிட்டது. அது வெறும் வாய்ச்சொல் இல்லை. ஆனாலும் தொடர்பு இருந்தது என்பது வேறு, கட்டளை எங்கிருந்து வந்தது என்பது வேறு. காரணமும் வேறு: நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதலுக்குப் பழிவாங்கல் என்று அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் சொன்னார், சில நாளில் வந்த காணொளியில் ஐ.எஸ். தலைவன் பக்தாதி சொன்னதோ அவர்கள் கையில் கடைசியாக இருந்த சிரியாவின் பாகூஸ் ஊரின் வீழ்ச்சிக்குப் பழி என்று. எங்கள் பிள்ளைகள் சாவுக்குப் பின்னால் யார் என்று இறந்தவர்களின் குடும்பங்கள் பிறகும் கேட்டுக்கொண்டிருந்ததில் வியப்பென்ன?

காஷ்மீரின் பஹல்காமிலும் இப்படித்தான். 2025 ஏப்ரல் 22 அன்று 26 பேரைச் சுட்டுக்கொன்ற தாக்குதலுக்கு டி.ஆர்.எஃப். (தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரண்ட்) என்ற அமைப்பு பொறுப்பேற்றது, சில நாளில் தங்கள் கணக்கை யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பின்வாங்கியது. முதல் அறிவிப்போடு சம்பவ இடத்தின் படமும் வந்திருந்தது என்பதை ஐ.நா.வின் கண்காணிப்புக் குழு பின்னர் பதிவுசெய்தது. பின்வாங்கலை எடைபோட உதவும் தகவல் அதுதான்.

சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் சரி என்றும் நான் சொல்லவில்லை. எந்தக் குண்டு வெடித்தாலும் ‘அரசே வைத்தது’ என்று ஐந்து நிமிடத்தில் எழுதுகிறவருக்கும், வந்த மின்னஞ்சலை அப்படியே ஓட்டுகிற உங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருமே காத்திருக்கத் தயாரில்லை. அதே சமயம் அரசைச் சந்தேகிப்பதே பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்லிவிடாதீர்கள். 1980இல் இத்தாலியின் பொலோன்யா ரயில் நிலையத்தில் 85 பேர் கொல்லப்பட்ட வழக்கைத் திசைதிருப்ப, ரயிலில் வெடிபொருள் பெட்டியை வைக்கச் செய்தவர்கள் அந்நாட்டு ராணுவ உளவுத்துறை அதிகாரிகள். அது தெருப்பேச்சு இல்லை, நீதிமன்றத்தில் நிரூபணமானது.

சரி, உங்களிடம் கேட்பது என்ன? பொறுப்பேற்பு எந்த வழியில் வந்தது என்று சொல்லுங்கள்: அந்த அமைப்பு வழக்கமாகப் பயன்படுத்தும் தளமா, முன்பின் தெரியாத டெலிகிராம் கணக்கா, பெயர் சொல்லாத தொலைபேசி அழைப்பா. தாக்குதலுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்று சொல்லுங்கள். புதிதாக ஏதாவது அதில் இருக்கிறதா, அல்லது ஏற்கெனவே திரையில் ஓடியதையே திருப்பிச் சொல்கிறதா என்றும் சொல்லுங்கள். உறுதியாகவில்லை என்றால் தலைப்பிலேயே அப்படிப் போடுங்கள். ஏழாவது பத்தியில் இல்லை. உலகில் நடக்கும் பெரும்பாலான தாக்குதல்களுக்கு யாருமே பொறுப்பேற்பதில்லை என்பதையும் அவ்வப்போது நினைவூட்டினால் நல்லது. இல்லாவிட்டால் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியே தீர வேண்டும் என்ற பதற்றம் உங்களுக்கும் எங்களுக்கும் போகாது.

அப்புறம், திரும்பி வாருங்கள். லாஸ் வேகாஸ் பற்றிய எஃப்.பி.ஐ.யின் ஆய்வு முடிவு வெளிவந்தது 2019 ஜனவரியில், ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. தெளிவான ஒற்றைக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை என்றது அது. அப்படி ஒரு அறிக்கை அடுத்த முறை வரும்போது, முதல் நாள் பொறுப்பேற்பை ஓட்டிய அதே நேரத்தில், அதே எழுத்து அளவில் அதையும் ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் செய்திகளைத் தினமும் பார்க்கும் ஒருவர்