கின்ஷாசாவில் காடு எங்கே இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஆப்பிரிக்க இசைக் கட்டுரையில், ‘காங்கோ ரும்பா அடர்ந்த காட்டின் முரசொலியில் பிறந்தது’ என்று ஒரு வரி. அது எந்தக் காடு என்று கட்டுரையாளர் சொன்னால் நானும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். 1986 முதல் ஐந்தாண்டு காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் கணக்கு எழுதியவன் நான். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருக்களைத்தான் அங்கே பார்த்தேன்.

தங்களுக்குத் தெரியாததல்ல. அடிமைகளோடு கப்பலேறி கியூபாவுக்குப் போன தாளம், 1930களில் இசைத்தட்டாக ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி வந்தது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவர்கள் அதைக் கிதாரில் பிடித்து லிங்காலா மொழியில் பாடினார்கள். 1948இல் அங்கே ‘ங்கோமா’ இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர் ஒரு கிரேக்க வணிகர். 1956இல் தொடங்கிய, கிதார் கலைஞரும் பாடகருமான ஃபிராங்கோவின் ‘ஓ.கே. ஜாஸ்’ குழுவுக்குப் பெயர் கொடுத்ததே ஒரு மதுக்கூடம். முரசு எங்கே ஐயா?

1989 அக்டோபரில் ஃபிராங்கோ இறந்தார். நாட்டில் நான்கு நாள் துக்கம். எங்கள் அலுவலகக் காவலாளி டிரான்சிஸ்டரை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தார். பாட்டின் வரிகள் முடிந்து கிதார்கள் மட்டும் ஓடத் தொடங்கும் இடத்தைச் ‘செபென்’ என்பார்கள். அது வந்ததும், அழுகை நிற்காமலே, அவர் பாதம் மண்ணில் தாளம் போட்டது.

இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன? காங்கோவுக்கு இருந்த ஜாயிர் என்ற பெயர் 1997இலேயே போய்விட்டது. உங்கள் வரைபடத்தில் இன்னும் ஜாயிர்தான். 2021இல் யுனெஸ்கோ ரும்பாவைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தபோது ஒரு வரி போட இடமில்லை. அதே இதழில் நடிகர் வீட்டு நாய்க்குட்டிக்கு அரைப் பக்கம் இருந்தது. 2016இல் ரும்பாப் பாடகர் பாப்பா வெம்பா ஐவரி கோஸ்ட்டின் ஆபிஜான் நகரில் மேடையிலேயே விழுந்து இறந்த செய்திக்கு வேறு யாருடைய படத்தையோ போட்டீர்கள். ஆள் இவர்தான் என்று காட்ட, என்னிடமிருந்த அவரது இசைத்தட்டின் அட்டையையே பதிவுத் தபாலில் அனுப்பினேன். கடிதமும் வரவில்லை, அட்டையும் வரவில்லை.

திருத்தம் போடுவதும் போடாததும் தங்கள் விருப்பம். அந்த அட்டையை மட்டும் திருப்பி அனுப்புங்கள். தட்டை இத்தனை ஆண்டுகளாக உங்கள் பத்திரிகைத் தாளில்தான் சுற்றி வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
தஞ்சாவூர்