பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் எங்கள் மகனைத் தேடியவர்களுக்கு

காணாமற்போன விமானங்களை வானிலிருந்து தேடும் காசாரா (CASARA) அமைப்பின் பெருமதிப்பிற்குரிய தன்னார்வலர்களுக்கும், உடனிருந்த ஊராருக்கும் வணக்கம்.

கனடாவில் பயிற்சி விமானத்துடன் காணாமற்போன எங்கள் மகனும் அவனுடைய பயிற்றுநரும் உயிருடன் மீட்கப்பட்டமைக்காக, கோபிசெட்டிபாளையத்திலிருந்து எங்கள் குடும்பத்தார் எழுதும் நன்றி மடல் இது.

விபத்து நேர்ந்தால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குத் தானாகவே சைகை அனுப்பும் கருவி விமானத்தில் இருந்தும், மோதலில் ஆன்டெனா முறிந்துவிட்டதால் சைகை எதுவும் போய்ச் சேரவில்லை. கண்ணால் தேடுவதொன்றே வழியாயிற்று. விக்டோரியாவிலுள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் அழைப்பை ஏற்று, அவரவர் பிழைப்பை விட்டுவிட்டு, ஊதியம் ஏதுமின்றி நீங்கள் சிறு விமானங்களில் புறப்பட்டீர்கள். 1986 முதல் இதற்கென்றே ஓர் அமைப்பு நாடு முழுவதும் இயங்கி வருவதை அன்றுதான் அறிந்தோம்.

மலையில் தேடும் முறையை, சூலூர் விமானப்படைத் தளத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஐயா எங்கள் திண்ணையில் வரைபடத்தை விரித்து விளக்கினார். சிகரத்திற்கு மேலே தொடங்கி, மலைச்சரிவை ஒட்டிச் சுற்றியபடி படிப்படியாகக் கீழிறங்க வேண்டுமாம். ஓட்டுபவரின் கவனம் முழுவதும் மலையிலும் காற்றிலும் இருப்பதால், சன்னலோரம் அமர்ந்திருப்பவரின் கண்ணே எல்லாமாம். ஊசியிலைக் காட்டுக்குள் விழுந்த விமானம் முழு உருவாகத் தெரிவதில்லை. முறிந்த மர நுனிகளோ, ஒரு கணம் மின்னி மறையும் தகடோதான் தடயம். அத்தகைய காட்டை மணிக்கணக்கில் கண் சலிக்காமல் பார்ப்பதைக் கூலிக்குக்கூடப் பலர் செய்யமாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்.

மகனையும் பயிற்றுநரையும் கண்ட குழுவினருக்கும், அவர்களை மேலே தூக்கிச் சென்ற கோமாக்ஸ் விமானப்படைத் தளத்து 442ஆம் படைப்பிரிவின் ஹெலிகாப்டர் வீரர்களுக்கும் தனியே எழுதியுள்ளோம். இம்மடல் முதன்மையாக, எதையும் காணாமல் திரும்பிய குழுக்களுக்கு உரியது. 'இங்கே இல்லை' என்று நீங்கள் குறித்துக் கொடுத்த பள்ளத்தாக்குகளை விலக்கிய பிறகே, அடுத்த குழுவினர் அவன் கிடந்த சரிவுக்குச் சென்றார்கள்.

நள்ளிரவிலும் மையத்துடன் ஆங்கிலத்தில் பேசித் தகவல் சொன்ன எதிர்வீட்டு அம்மிணிக்கும், எங்கள் மாடுகன்றுகளைப் பார்த்துக்கொண்ட பங்காளிகளுக்கும் கடமைப்பட்டுள்ளோம். பாரியூர் அம்மனுக்குரிய நேர்த்திக்கடனைக் கோயிலிலேயே செலுத்திவிடுகிறோம்.

மகன் ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியிருக்கிறான். இதன் ஆங்கில வடிவத்தை மையத்திற்கு அனுப்புகிறோம்; பெயர் தெரியாத ஒவ்வொரு குழுவினருக்கும் அதைச் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பெற்றோரும் குடும்பத்தாரும்