அலுமினியத்தை ஒட்டாத டிக் வெல்டிங் இயந்திரத்தை மாற்றித் தருமாறு கோரும் முறைப்பாடு

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

உங்கள் கிளிநொச்சி முகவரிடம் கடந்த மாதம் நான் வாங்கிய 200 அம்பியர் டிக் வெல்டிங் இயந்திரம் (டங்ஸ்டன் கம்பி நுனியில் மின்பொறி எழுப்பி உலோகத்தை உருக்கி ஒட்டுவது), நான் கேட்ட வேலைக்கு உதவாதது. நான் ஓய்வு நேரத்தில் வீட்டுக் கொட்டிலில் சிறு உலோக வேலைகள் செய்பவன். வள்ளத்துக்கான மீன்பெட்டி போன்றவற்றுக்காக 3 மில்லிமீற்றருக்கு மேற்படாத அலுமினியத் தகட்டையே பெரும்பாலும் ஒட்டவேண்டும் என்று வாங்கும்போதே சொன்னேன். எல்லா உலோகமும் ஒட்டும் என்று சொல்லித்தான் முகவர் அதை விற்றார்.

வந்திருப்பதோ ஒரே திசையில் ஓடும் நேரோட்டம் (DC) மட்டும் தரும் இயந்திரம். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும்; அதன்மேல் படிந்திருக்கும் ஒட்சைட்டுப் படலம் 2000 பாகைக்கு மேல்தான் உருகும். அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டே ஒட்டுவதற்குத் திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம் (AC) வேண்டும் என்பது உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் அறியாததல்ல. என் தகட்டில் உள்ளே உலோகம் உருகிய பின்னும் மேற்படலம் பாலாடைபோலச் சுருங்கி நின்றதே தவிர, விளிம்புகள் ஒன்றுசேரவில்லை.

தொலைபேசியில் கேட்டபோது, டங்ஸ்டன் பொருத்திய கைப்பிடியான டோர்ச்சை இயந்திரத்தின் நேர்முனையில் (+) மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அப்படி மாட்டினால் படலம் உடையும் என்பது உண்மை; ஆனால் வெப்பத்தின் பெரும்பங்கு டங்ஸ்டனில் இறங்குவதால், கூராகத் தீட்டிய 1.6 மில்லிமீற்றர் நுனி உருண்டு திரண்டு தகட்டிலேயே சொட்டியது. இரும்பிலும் கறையில் உருக்கிலும் இயந்திரம் நன்றாகவே வேலை செய்கிறது. அதைக் குறைகூற நியாயமில்லை.

பெட்டியின் எல்லாப் பக்கமும் 200 என்று பெரிதாக அச்சிட்ட நீங்கள், நேரோட்டம் மட்டும் என்பதைக் கையேட்டின் கடைசி அட்டவணையில் சிற்றெழுத்தில் வைத்திருக்கிறீர்கள். 3 மில்லிமீற்றர் அலுமினியத்துக்கு ஏறக்குறைய 120 அம்பியரே போதும். வீட்டு 230 வோல்ற்று இணைப்பில் 200ஐ முழுதாக இழுக்கப்போனால் ட்ரிப் சுவிட்ச் விழுவதுதான் மிச்சம். என்னைப் போன்றவருக்கு முகவர் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அம்பியரை அல்ல, ஓட்டத்தின் வகையை.

ஆகவே, ஆடலோட்டமும் நேரோட்டமும் தரக்கூடிய, தகட்டைத் தொடாமலே பொறி எழுப்பும் இயந்திரம் ஒன்றை மாற்றித் தருமாறு கேட்கிறேன். விலை வித்தியாசத்தை நான் செலுத்துவேன். புதுக்குடியிருப்புக்கான ஏற்றுகூலி உங்களுடையது. அது இயலாதெனின் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் கிடைக்காவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியும் பழுதான தகட்டின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வாடிக்கையாளர்,
புதுக்குடியிருப்பு.