உலகச் சமயங்கள் பாடத்தை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்திவருகிறேன். உலகச் சமயங்கள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஓர் அட்டவணை வரைகிறேன்: நிறுவியவர், பிறந்த ஆண்டு, புனித நூல், முக்கியக் கொள்கை. பௌத்தம், சீக்கியம், தாவோயிசம், கன்பூசியம் ஆகிய நான்கும் அதில் நான்கு வரிகளாக இறங்கிவிடுகின்றன. ‘பொருத்துக’ வினாவுக்கு அது போதும். அந்த நெறிகளைப் புரிந்துகொள்ளப் போதாது. அடுத்த திருத்தத்திலாவது அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நெறியும் எந்தக் காலத்தில் எந்தக் கேள்விக்கு விடை தேடிப் பிறந்தது என்று எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பௌத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். ‘ஆசையே துன்பத்திற்குக் காரணம்’ என்ற ஒற்றை வரியை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல மதிப்பெண் பெற ஆசைப்படுவதும் தவறா என்று ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்கிறார். அந்தக் கேள்வி நியாயமானது. சாரநாத்தில் புத்தர் ஆற்றிய முதல் உரையில் வரும் பாலிச் சொல்லான ‘தண்ஹா’ என்பதற்குத் தாகம் என்று பொருள். அதற்கு நேரான தமிழ்ச் சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை. மணிமேகலையின் இறுதிக் காதை பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று பன்னிரண்டு சார்புகளையும் வரிசைப்படுத்திச் சொல்கிறது. தண்ஹாவுக்கு நேரான வேட்கை அச்சங்கிலியில் எட்டாவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது பேதைமை, அதாவது பொருள்களின் நிலையாமையை உள்ளபடி காணாத அறியாமை. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தோன்றுகிறது, ஆகவே ஒன்று அற்றால் மற்றொன்றும் அறும் என்ற இந்தக் காரண காரிய முறைதான் பௌத்தத்தின் உயிர். தமிழிலேயே இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும் ஒன்றை நம் பிள்ளைகளுக்கு ஒரு வரிச் சூத்திரமாகச் சுருக்கித் தருவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

சீன நெறிகள் இரண்டுக்கும் ‘நிறுவியவர்’ என்ற தலைப்பே பொருந்தவில்லை. கிமு 551இல் லூ நாட்டில் பிறந்த கன்பூசியஸ், தாம் எதையும் புதிதாகப் படைக்கவில்லை, முன்னோர் நெறியையே எடுத்துச் சொல்வதாகக் கூறியவர். சௌ மன்னர்களின் ஒழுங்கு குலைந்து, சிற்றரசர்கள் ஒருவரையொருவர் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், மனிதர் மனிதரோடு எப்படி வாழ்வது என்பதே அவர் முன்னிருந்த கேள்வி. ‘ரென்’ எனும் மனிதநேயமும் ‘லி’ எனும் முறைமையும் அதற்கு அவர் தந்த விடைகள். மூத்தோருக்குக் கீழ்ப்படிதலே கன்பூசியம் என்று எழுதுவது பாதி உண்மைதான். அரசன் அரசனாகவும் தந்தை தந்தையாகவும் நடக்க வேண்டும் என்று மேலிருப்போரையும் அவர் கடமைக்குள் நிறுத்தினார். இது சமயமா என்பதிலும் நாடுகள் ஒன்றுபடவில்லை: இந்தோனேசியா இதை அதிகாரபூர்வச் சமயங்களுள் ஒன்றாக ஏற்கிறது, சீன அரசு ஏற்றிருக்கும் ஐந்து சமயங்களில் இது இல்லை. வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல பொருள் வேண்டுமா?

தாவோயிசத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் லாவோட்சு என்ற பெயருக்கு ‘முதிய ஆசான்’ என்றே பொருள். கிமு 100ஐ ஒட்டி வரலாறு எழுதிய சிமா சியென்கூட அவர் யார் என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட செய்திகளைத் தந்து, உறுதி கூறாமல் விட்டார். 1993இல் ஹுபெய் மாகாணத்தின் குவோதியன் கல்லறையில் கிடைத்த, ஏறத்தாழ கிமு 300ஐச் சேர்ந்த மூங்கில் கீற்றுகளில், தாவோயிசத்தின் மூல நூலான தாவோ தே சிங்கின் பகுதிகள் இன்றைய 81 இயல்களின் வரிசையில் இல்லை. அந்நூல் மெல்லமெல்ல உருப்பெற்றது என்பதை இதைக் காட்டியே மாணவர்களுக்கு விளக்கலாம். அந்நூல் சொல்லும் ‘வூ வெய்’ என்பதைச் செயலின்மை என்று மொழிபெயர்த்து நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் அதைச் சோம்பல் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மென்மையான நீர் கடினமானதை வெல்வதை அந்நூலே காட்டுகிறது. வலிந்து திணிக்காமல் இயல்போடு இயைந்து செயல்படுவதே அதன் கருத்து. ஆள்வோர் மிகுந்த வரியைத் தின்பதால்தான் மக்கள் பசித்திருக்கிறார்கள் என்று சொல்லும் இயலும் அதில் உண்டு.

சீக்கியத்தை ‘இந்து, இசுலாம் சமயங்களின் கலவை’ என்று எழுதும் வழக்கத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள். 1469இல் பிறந்த குருநானக் இரண்டு சமயச் சூழல்களிலும் வாழ்ந்தார் என்பது உண்மை. ஆனால் உருவமற்ற ஒரே இறை, நாமத்தை நினைத்தல், உழைத்து உண்ணுதல், பகிர்ந்து உண்ணுதல் என்று அவர் அமைத்த வழி தனக்கென ஒரு முழுமை உடையது. மன்னரும் ஏழையும் ஒரே பந்தியில் அமரும் லங்கர் எனும் பொது உணவுக்கூடம், சாதியைச் சொல்லால் மட்டும் மறுத்துவிட்டு நிற்காத சமயம் அது என்பதற்குச் சான்று. 1604இல் குரு அர்ஜன் தொகுத்த சீக்கியப் புனித நூலான ஆதி கிரந்தத்தில் நெசவாளர் கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், சூபி ஞானி பரீத் ஆகியோரின் பாடல்களும் குருமார்களின் பாடல்களோடு இடம்பெற்றன. 1699இல் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை அமைத்தபோது அவர் அழைப்பை ஏற்று முன்வந்த ஐவர் வெவ்வேறு சாதியினர் என்றும், தெற்கே பீதரைச் சேர்ந்த நாவிதர் ஒருவரும் அவர்களுள் இருந்தார் என்றும், அவர்களுக்குத் தீட்சை நீரான அமுதம் அளித்த குரு பின்பு அவர்கள் கையாலேயே தாமும் அமுதம் பெற்றார் என்றும் சீக்கிய மரபு சொல்கிறது. இந்த ஒரு நிகழ்வைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பக்கங்கள் குறைவு என்ற உங்கள் நெருக்கடியை அறிவேன். நெறிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலும் போதும்: அதில் ஒரு காலம், ஓர் இடம், ஒரு கேள்வி, மூல நூலிலிருந்து நான்கு வரிகள் இருக்கட்டும். அச்சுக்குப் போகும் முன், அந்தந்த நெறியைப் பின்பற்றுவோர் ஒருவரிடமும் அதை ஆராய்ந்த அறிஞர் ஒருவரிடமும் வரைவைக் காட்டுங்கள். வினாத்தாளில் ‘பொருத்துக’ வினாவுக்குப் பதிலாக ‘ஏன் தோன்றியது’ என்று கேளுங்கள். அந்த விடைத்தாள்களைத் திருத்தக் கூடுதல் நேரம் ஆகும். அதற்கு ஆசிரியர்களாகிய நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்