கூலிக் கணக்கும் பரிசுத்தமும்

அன்பு மகனுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் அப்பா எழுதுவது. ரங்கூனில் எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

போனில் நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. ஆட்களின் ஓவர்டைம் மணியைக் குறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி, சிங்கப்பூரில் இதெல்லாம் சகஜம் என்றாய். கூடவே, "நான் குடிப்பதில்லை, ஞாயிறு ஆராதனையைத் தவறவிடுவதில்லை" என்றும் சொன்னாய். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் தம்பி, பரிசுத்தம் அதோடு நின்றுவிடுகிற காரியம் இல்லை.

லேவியராகமம் 19-ஐ எடுத்துப் படி. "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று சொன்ன தேவன், அதே அதிகாரத்தில் எதையெல்லாம் பேசுகிறார் பார். வயலின் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறார். செவிடனை நிந்திக்காதே என்கிறார். கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடம் இருக்கலாகாது என்கிறார். தராசும் நிறைகல்லும் சரியாக இருக்கவேண்டும் என்கிறார். உன் கையில் இருக்கும் அந்தக் கூலிக் கணக்கு நோட்டுவரைக்கும் வந்து நிற்கிறது அவர் பேச்சு.

நம் கடையை நினைத்துப் பார். தட்டுக்கு அடியில் கொஞ்சம் புளியை ஒட்டிவைத்தால் ஒரு விசை எடை வெங்காயத்தில் எவ்வளவு அடிக்கலாம் என்று பஜாரில் தெரியாதவர் இல்லை. அதனால்தான் அம்மா காலையில் கடை திறந்ததும் தட்டைக் கவிழ்த்து அடியைத் துடைப்பாள். நம்மிடம் வாங்குகிற பர்மாக்காரம்மா நம் வேதத்தை வாசிக்கப்போவதில்லை. தராசு முள்ளைத்தான் பார்ப்பார்.

அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் 1813-ல் இந்த ரங்கூனில் வந்து இறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல். நடுவில் ஆறு வருஷம். அவர் பிரசங்கத்தைக் காட்டிலும் அவர் நடையைத்தான் ஊர் அதிகம் பார்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பேதுருவும் தன் முதல் நிருபத்தைப் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா என்று அயல்நாடுகளில் சிதறிக்கிடந்தவர்களுக்குத்தான் எழுதினார். 1942-ல் ஜப்பான்காரன் படையெடுத்தபோதும், 1964-ல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகும் நம் ஜனங்கள் பர்மாவைவிட்டுச் சிதறியதைக் கண்டவர்களின் பிள்ளைகள் நாம். அந்த நிருபம் நமக்கு எழுதினதுபோலவே இருக்கும். "உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும் பரிசுத்தராயிருங்கள்" என்கிறார். எல்லாவற்றிலேயும் என்றால் சம்பளக் கணக்கிலேயும்தான்.

இப்படி நடந்து இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அது கிருபை. வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்ல, கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டோம் என்று பேதுருவின் அதே அதிகாரத்தில் இருக்கிறது. அந்த விலைக்கு வாங்கப்பட்டவன், ஊரில் பிள்ளைகுட்டியை விட்டுவிட்டு வந்தவனுடைய இரண்டு மணி நேரக் கூலியைத் திருடலாமா? உன் பலத்தால் முடியாவிட்டால் ஆவியானவரிடம் கேள். விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் அவர்தான்.

முதலாளியிடம் மரியாதையாகவே பேசு. "உள்ள மணியைத்தான் எழுதுவேன் ஐயா" என்று சொல். மற்றவர்கள் முன்னால் சொல்லாதே, தனியாகப் பார்த்துச் சொல். வேலை போனால் போகட்டும். கடை இருக்கிறது, உன் கட்டிலும் இருக்கிறது. இந்த மாதம் பணம் அனுப்பவேண்டாம், கையில் வைத்துக்கொள். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுகிறேன். முதலாளி என்ன சொன்னார் என்று சொல்.

உன் அப்பா