இருபது தாள், ஒரு செப்புத் தகடு

சென்னை
ஆவணி

அன்பு மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதி. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிட்ட கையோடு காலண்டர் ஆர்டர்கள் வரத் தொடங்கியிருக்கும். இனி தை பிறக்கும்வரை உனக்குச் சரியான தூக்கம் இருக்காது. நான் பதில் எழுதத் தாமதமானதற்கும் அச்சு வேலைதான் காரணம்.

ஈஞ்சம்பாக்கம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஓர் ஓவியரிடம் ஒன்றரை மாதமாக உதவிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தகட்டில் கோடுகளை அரித்து அச்செடுக்கும் எட்சிங்தான் அவருடைய உயிர். உன் பிரஸ்ஸில் ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் தாள் ஓடும். நாங்கள் இருவரும் சேர்ந்து நான்கு நாளில் எடுத்தது இருபது தாள்.

முதல் இரண்டு வாரம் மையைத் தொடவே விடவில்லை. செப்புத் தகட்டின் ஓரங்களை அரத்தால் சரித்துத் தேய்த்தேன். ஓரம் கூர்மையாக இருந்தால் அழுத்தத்தில் தாளையும் மேலே போடும் கம்பளியையும் வெட்டிவிடும். கடற்காற்றில் துருப்பிடிக்காமல் பிரஸ்ஸுக்கு எண்ணெய் துடைத்தேன். தாளை நனைத்து, ஒற்றுத்தாளுக்கு நடுவே அடுக்கி, ஈரம் உள்ளே இருந்தும் மேலே பளபளப்பு தெரியாத பதத்துக்குக் கொண்டுவரப் பழகினேன்.

படம் மணலில் ஏற்றி வைத்த ஒரு கட்டுமரம், பின்னால் மழைக்கு முந்தைய வானம். தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி ஊசியால் கீறினால் கீறிய இடத்தில் மட்டும் செம்பு தெரியும். ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் அந்த இடத்தை மட்டும் அது அரிக்கும். நேரம் கூடக் கூட ஆழம், ஆழம் கூடக் கூடக் கறுப்பு. தகட்டைக் குப்புறப் போடவேண்டும் என்று எனக்குத் தெரியாது. நிமிர்த்திப் போட்டால் கசடு கோட்டுக்குள்ளேயே தங்கி அரிப்பைத் தடுத்துவிடுமாம். இன்னொன்று, உங்கள் ஆஃப்செட் பிளேட்டில் எழுத்து நேராகவே இருக்கும், நடுவில் அந்த ரப்பர் பிளாங்கெட் ஒருமுறை புரட்டிக்கொடுப்பதால். இங்கே தகட்டிலிருந்து நேரே தாளுக்கு. கட்டுமரத்தின் மூக்கு வலப்பக்கம் பார்க்கவேண்டுமானால் இடப்பக்கம் பார்த்து வரையவேண்டும்.

மூன்றாவது வாரம்தான் மை கைக்கு வந்தது. தகடு முழுக்க அப்பி, கோடுகளுக்குள் இறங்கும்படி அழுத்தி, பிறகு கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டம் வட்டமாகத் துடைக்கவேண்டும். மேலே இருக்கும் மை போகவேண்டும், பள்ளத்தில் இருப்பது போகக்கூடாது. கடைசித் துடைப்பு துணியில் இல்லை மாப்ள, உள்ளங்கையில். கையில் சாக்பீஸ் தூள் தடவிக்கொண்டு, தகட்டைத் தொட்டும் தொடாமலும் ஒரு வீச்சு. வானத்தில் மெல்லிய ஒரு சாம்பல் திரை நிற்கும். அது அரித்து வந்ததில்லை, துடைக்காமல் விட்டதால் வந்தது. அது எவ்வளவு நிற்கவேண்டும் என்பதற்கு அளவுகோல் கிடையாது. சரியாக வந்த முதல் பிரதியைச் சுவரில் மாட்டியிருந்தார். மற்ற எல்லாம் அதைப் போலவே இருக்கவேண்டும்.

மாஸ்டருக்கு இப்போது தோள்வலி, பிரஸ்ஸின் சக்கரம் சுற்ற முடியாது. அதனால் அவர் துடைப்பார், நான் சுத்தமான கையோடு தாளை எடுத்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றுவேன். ஏழாவது பிரதிக்கு, "நீ தொடை தம்பி, நான் தாள் பாத்துக்கறேன்" என்றார். நான் பயத்தில் அதிகமாகத் துடைத்துவிட்டேன். தாளைத் தூக்கினால் வானம் வெளிறிக் கிடக்கிறது, மழை வருவதற்கான அறிகுறியே இல்லை. அவர் திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் உள்ளங்கையை என் புறங்கைமேல் வைத்து ஒருமுறை தகட்டின்மேல் ஓட்டினார். அவ்வளவுதான். நான் எவ்வளவு அழுத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பதினைந்திலிருந்து இருபதுவரை நான் துடைத்தவை. சுவரில் இருந்த பிரதியோடு வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திட்டார்.

அந்த ராத்திரி உன் அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். நாம் பள்ளிக்கூடம் விட்டு பிரஸ்ஸுக்குள் ஓடி வரும்போது, ரோலர் சத்தத்தைக் கேட்டே "மை கூடிப்போச்சு" என்று எழுந்து போவார், நினைவிருக்கிறதா? அதை யாரும் அவருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

மாஸ்டர் அடிக்கடி அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டியைப் பற்றிப் பேசுவார். சித்தூர்ப் பக்கம் பிறந்து, நம் கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்து, பிறகு பாரிஸில் ஹேட்டர் என்ற ஆங்கிலேய அச்சோவியரின் 'அட்லியே 17' பட்டறைக்குப் போனவர். 2018இல் காலமானார். நாலு கலருக்கு நாலு பிளேட் போடும் உனக்கு இது பிடிக்கும்: அவர் ஒரே தகட்டில், ஒரே ஓட்டத்தில் பல நிறம் எடுத்தார். தகட்டைப் பல ஆழங்களில் செதுக்கி, மென்மையான ரோலரால் பள்ளம்வரை ஒரு நிறம், கடினமான ரோலரால் மேட்டில் மட்டும் இன்னொன்று. ஒவ்வொரு மையிலும் ஆளிவிதை எண்ணெய் கூடக்குறையக் கலந்தால் மைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். அடுத்த மாதம் சின்னத் தகட்டில் அதை முயன்று பார்க்கலாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இப்போதே கை பரபரக்கிறது.

இருபதும் முடிந்ததும், இனி யாரும் அச்செடுக்க முடியாதபடி தகட்டின் குறுக்கே கோடு கீறினார். வழக்கம் அதுதான். ஆனாலும் அந்த வானத்தின்மேல் ஊசி போனபோது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, மை கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

ஒரு உதவி வேண்டும். ஓட்டி முடித்த அலுமினிய பிளேட்டுகளை எடைக்குப் போடாமல் பத்துப் பதினைந்து எடுத்து வை. பின்பக்கத்தில் நேரடியாக ஊசியால் கீறிப் பழக அது போதும், செம்பு விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்காக ஒரு பிரதி கேட்டேன், மாஸ்டர் தன் சொந்தப் பிரதிகளில் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். கண்ணாடி மாற்றிய பிறகு காட்டு, உடனே வேண்டாம்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்